பன்னிரண்டு படங்களின் பின்பக்கம்

சட்டம் போட்ட படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஈரத்துணி உதவாது. பழைய செய்தித்தாளைக் கசக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். வட்டம் வட்டமாகத் துடைத்தால் வெயில் படும்போது கோடு தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படிப் பன்னிரண்டு படங்கள். ஞாயிறு காலையில் அவற்றைத் துடைப்பது பத்து வயதிலிருந்து என் வேலை. இப்போது எனக்கு நாற்பத்தேழு.

நீங்கள் கண்ணைப் பற்றிச் சொல்லச் சொல்கிறீர்கள், மேடம். சொல்கிறேன். ஆனால் படங்களைப் பற்றிச் சொல்லாமல் கண்ணைப் பற்றிச் சொன்னால் நான் ஏதோ மனம் பேதலித்தவள் மாதிரி தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அந்த பீரோவில் சாய்த்து வைத்திருக்கிற ஆக்டோபஸ் படம் தலைகீழாக இருக்கிறது. கொண்டுவந்த போலீஸ்காரரிடம் சொன்னேன். எட்டு காலோடு இருக்கிற ஜந்துவுக்கு மேல் என்ன, கீழ் என்ன என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். முடிந்தால் நிமிர்த்தி வையுங்கள். அவசரமில்லை.

அப்பா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். கடல் உயிரினங்கள்தான் அவருக்கு உயிர். நிமிர்ந்த முதுகும் உள்வாங்கிய தாடையுமாக வகுப்புக்குள் நுழைவாராம். பிள்ளைகள் 'கடல்குதிரை வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் கடலுக்கும் அவருக்கும் ஒத்துவராது. நான் சிறுமியாக இருந்தபோது ஒரே ஒருமுறை கடற்கரைக்கு அழைத்துப் போனார். செருப்பு நனைந்துவிடும் என்று உலர்ந்த மணலிலேயே நின்று, அங்கிருந்தபடியே அலையைக் காட்டி விளக்கம் சொன்னார். அவருக்குக் கடல் என்பது எங்கள் கூடத்துச் சுவர்தான்.

படங்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையவை. கல்லில் அச்சடித்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டியவை. முதுகு பிய்ந்த ஒரு பெரிய புத்தகத்திலிருந்து கழன்ற தாள்கள். அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே அவை கிடைத்துவிட்டன. அதனால் அம்மாவும் நானும் தம்பியும் அந்தப் படங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர்கள். ஜெல்லிமீன், ஆக்டோபஸ், கடல்குதிரை, நட்சத்திரமீன், நண்டு, சங்கு, திருக்கை, ஆமை, பவளம், கணவாய், கடல் அட்டை, கடல் சாமந்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்ன படித்தாய் என்று கேட்க மாட்டார். திருக்கைக்கு வாய் எந்தப் பக்கம் என்று கேட்பார். தெரியவில்லை என்றால் அதன் எதிரில் நிற்க வேண்டும், பதில் கண்ணில் படும்வரை. தம்பி அரை நிமிஷத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவான். நான் தெரிந்த பிறகும் நின்றுகொண்டிருப்பேன். எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது.

பதினைந்து வயதில் ஜெல்லிமீனைப் பார்த்து வரைந்தேன். மூன்று வாரம் ஆனது. நீர்வண்ணம், அந்தக் குடை மாதிரியான தலைக்கு இளஞ்சிவப்பு வரவே வரவில்லை, நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பென்சில். என் படத்தை மேலே வைத்து, கீழே தொங்கும் இழைகளை பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு சுவரில் இருந்ததைப் போய் எண்ணினார். திரும்பி வந்து என் படத்தின் ஓரத்தில் எழுதினார்: 'மூலத்தில் 23. இதில் 19.' அதன் கீழே பத்துக்கு நாலு என்று மதிப்பெண் போட்டார்.

"பார்த்து வரையறதுக்கே கண்ணு வேணும். உனக்கு அது இல்ல. வேற ஏதாவது உருப்படியா கத்துக்கோ" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். பல் செய்யும் லேபில் இருபத்தைந்து வருஷம். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டுப் பல்லாக்கிக் கொடுப்போம். வெள்ளையாகச் செய்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தேநீர் குடித்த மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, பள்ளத்தில் மயிரிழை அளவு கறுப்பு, எல்லாம் வைத்தால்தான் அது பல். அது எனக்குக் கைவந்தது. 'நீ செஞ்சா பல்லோட சொந்தக்காரனுக்கே எது தன் பல்லுன்னு தெரியாது' என்று முதலாளி சொல்வார். அப்பாவிடம் ஒருநாள் அதைச் சொன்னேன். தலையசைத்தார். திருக்கைக்குப் பல் தட்டுத் தட்டாக இருக்கும் என்று சொன்னார்.

அம்மா போனபிறகு தம்பி வேலைக்கு வேறு ஊர் போய்விட்டான். ஏசி எந்திரங்கள் பழுது பார்ப்பவன். அங்கேயே கல்யாணம், வீடு, எல்லாம். அப்பாவோடு நான் இருந்தேன். எனக்கு வந்த இரண்டு மூன்று வரன்களும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில் நின்றுவிட்டன. யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்து ஏழு வருஷம் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை. கூடவே கண்ணில் அழுத்தமும் இருந்தது. டாக்டர் என்னிடம் விவரமாகவே சொன்னார்: புரையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், பார்வை திரும்பிவிடும், அழுத்தம் அப்படியில்லை, அது வலிக்காமல் நரம்பைத் தின்னும், தின்றது திரும்பாது, ஆகவே காலையும் மாலையும் சொட்டு மருந்து தவறவே கூடாது. நான் தவறவிடவில்லை. காலை ஏழு, மாலை ஏழு. அப்பா நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொள்வார். கண்ணிமையைக் கீழே இழுத்து ஒரு சொட்டு. மருந்து எரியும் போலிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொள்வார். அப்போது புரையை எடுக்க அவருக்குத்தான் பயம். கொஞ்ச நாள் போகட்டும் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மழையில் மாடிவீட்டுக் குழாய் உடைந்து எங்கள் கூடத்துச் சுவரில் நீர் இறங்கியது. ஜெல்லிமீனுக்குப் பின்னால்தான். அப்பாவுக்குத் தெரியவில்லை. ஈரவாசம் அடிக்கிறதே என்று மட்டும் கேட்டார். ஜன்னல் திறந்திருக்கிறது என்றேன். படத்தை இறக்கிப் பிரித்துப் பார்த்தால் தாளின் பாதிவரை பழுப்புக் கறை ஏறியிருந்தது. லேபில் கறை நீக்க ஒரு திரவம் வைத்திருப்போம். அதைக் கொண்டுவந்து பஞ்சில் தொட்டு வைத்தேன். கறை போனது. கூடவே இளஞ்சிவப்பும் போனது. தலை இருந்த இடத்தில் சலவை செய்த துணி மாதிரி ஒரு வெறுமை. இது விபத்து, மேடம். இதை விபத்து என்றே எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை அப்படி எழுதச் சொல்ல மாட்டேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததை நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெற்றாக இருந்தது. அந்தப் பழுப்பு நிறமும் அந்தச் சொரசொரப்பும் இப்போது கடையில் வாங்கும் தாளுக்கு வராது. சனிக்கிழமை லேப் அரைநாள்தான். மதியம் அப்பா தூங்கும் நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரைந்தேன். பார்த்து வரைய எதுவும் தேவைப்படவில்லை. கண்ணை மூடினாலே தெரிந்தது. பல்லுக்குப் பழுப்பு வைக்கிற அதே தூரிகை. இருபத்திமூன்று இழை, மூன்று தடவை எண்ணினேன். நாலு சனிக்கிழமையில் முடிந்தது. பழைய படம் அட்டையைப் பார்த்திருக்க, என்னுடையது வெளியே பார்த்திருக்க, தாளை அட்டையில் பசை போட்டு ஒட்டி, சட்டத்தில் ஆணி வளைத்து, மாட்டிவிட்டேன்.

எதையும் நான் தூக்கி எறியவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தம்பி திருட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒன்றுகூட வீட்டைவிட்டுப் போகவில்லை. எல்லாம் என்னுடையவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. பசையிலிருந்து பிரிக்க முடியாது, அது உண்மைதான்.

அப்பாவின் நண்பர் ஒருவர், இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவருக்கும் அப்போது கண் சரியில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகப் போவார்கள். அந்த ஞாயிறும் அப்படித்தான். நான் தேநீர்த் தட்டோடு கதவருகில் நின்றேன். அப்பா ஜெல்லிமீன் எதிரில் வெகுநேரம் நின்றார். மூக்கு கண்ணாடியைத் தொடும் அளவுக்குக் கிட்டத்தில் போனார்.

"இந்த இழையப் பாரும். எவ்வளவு அலட்சியமா போட்டிருக்கான், ஆனா ஒண்ணுகூடத் தப்பில்ல. இந்தக் கை இனிமே எவனுக்கும் வராது" என்றார்.

தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

இங்கேதான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பழிவாங்கினேன் என்கிறான் தம்பி. பழிவாங்குகிறவள் அன்றைக்கே, 'அப்பா, அது நான் வரைஞ்சது' என்று சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார், எண்ணியிருப்பார், குறை கண்டுபிடித்திருப்பார். அவர் வாயிலிருந்து வந்த ஒரு நல்ல சொல்லை அவரைக்கொண்டே கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் ஆக்டோபஸை இறக்கினேன். அதில் கறை எதுவும் இல்லை. பிறகு நண்டு, சங்கு, திருக்கை. ஒரு படத்துக்கு மூன்று நான்கு சனிக்கிழமை. அந்தச் சமயத்தில் சட்டத்தில் வெற்று அட்டை மட்டும் தொங்கும். அப்பா அதையும் நின்று பார்ப்பார். ஒன்றரை வருஷத்தில் பன்னிரண்டும் முடிந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அவர் நண்பருக்கு ஒவ்வொன்றையும் புகழ்ந்து காட்டுவார். நான் கதவருகில் நிற்பேன். கடல் அட்டைக்கு அவர் சொன்னதை நான் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். 'உயிர் இருக்கு' என்றார். கடல் அட்டையை அப்படி வரைவது எளிதில்லை, மேடம். அதற்கு முகமே கிடையாது.

மற்றவர்களும் பார்த்திருக்கிறார்கள். காஸ் சிலிண்டர் போட வருகிறவர் ஒருநாள் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். 'வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?' என்று விசாரித்தார். இல்லை என்றேன். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. ஆனால் சிலிண்டர்காரர்கள் பொதுவாக எதையும் நின்று பார்ப்பதில்லை.

இந்தக் காலத்தில்தான் அப்பா மாறினார். பார்வை குறையக் குறைய அவர் நல்லவராகிக்கொண்டே வந்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. சோறு பிசைந்து கையில் கொடுத்தால், 'நீ சாப்பிட்டியா அம்மாடி' என்பார். லேபில் என்ன நடந்தது என்று கேட்பார். நான் செய்த ஒரு முன்பல்லைக் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்து, 'ரொம்ப நல்லா இருக்கு' என்றார். யோசித்துப் பாருங்கள். பார்வை இருந்த அறுபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் இல்லாத ஒன்று, அது போகப் போக வந்தது. கண்ணைத்தான் நான் நோய் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பிறகு நண்பர் கண் ஆபரேஷன் செய்துகொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு வந்தார். யாருடைய தோளையும் பிடிக்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்து, முதல் படத்தின் எதிரில் நின்றார். இரண்டாவதுக்குப் போனார். மறுபடி முதலுக்கு வந்தார். அப்பா நாற்காலியிலிருந்தபடியே, 'எப்படித் தெரியுது, சொல்லுமே' என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிறமெல்லாம் இப்படியா இருந்துச்சு? எனக்கு வேற மாதிரி ஞாபகம்" என்றார் நண்பர், மெதுவாக. அப்பாவிடம் அல்ல, என்னிடம்.

"உங்களுக்கு இப்போ எல்லாமே புதுசாத்தான் தெரியும் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, 'கண்ணாடியெல்லாம் நல்லா துடைச்சு வெச்சிருக்கேம்மா' என்றார். அன்று தேநீர் குடிக்கவில்லை. அதன்பிறகு வருவதும் குறைந்துபோனது. தொலைபேசியில்தான் பேசுவார். பாராட்டு வார்த்தை கிடைக்காமல் திணறியிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. வாத்தியார்களுக்கு அது பழக்கமில்லை.

ஆனால் அப்பா பிடித்துக்கொண்டார். இருபது நிமிஷ வேலையாமே, மறுநாளே கட்டு பிரித்துவிட்டார்களாமே என்று நாள் பூராவும் அதே பேச்சு. எழுபத்திரண்டு வயது மனிதர், சைக்கிள் கேட்கிற பிள்ளை மாதிரி. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்:

"கட்டு பிரிச்சதும் முதல்ல எதைப் பார்ப்பேன் தெரியுமா? ஜெல்லிமீன். அந்த இளஞ்சிவப்பை நல்ல வெளிச்சத்துல பார்த்து எத்தனை வருஷமாச்சு."

என் முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறையாகச் சொல்லவில்லை; நீங்கள் ஒழுங்காக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் செய்தேன். கண்மணி விரிவதற்கு மருந்து விட்டு, அவரைக் கண்ணை மூடி வெளி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். புரை நன்றாக முற்றிவிட்டது, அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, நரம்பு நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது, அடுத்த வாரமே எடுத்துவிடலாம், பார்வை முழுதாக வரும் என்றார். தேதி எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுத்தம் அதிகமாக இருக்கிறதாம், இந்த நிலையில் கத்தி வைத்தால் இருப்பதும் போய்விடுமாம், சொட்டு மருந்தால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு செய்யலாமாம் என்றேன். அப்பா கைக்குட்டையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, 'அப்போ மருந்தை ஒழுங்கா விடணும்' என்றார். அதுமுதல் என்னைவிட அவர்தான் அதில் கவனம். கூடத்துக் கடிகாரம் ஏழு அடிக்கும் முன்பே தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். நான் குளித்துக்கொண்டிருந்தால் குரல் கொடுப்பார்.

தேதியைத் தள்ளிப்போடலாம். ஒரு வருஷம், இரண்டு வருஷம். ஆனால் புரை இருக்கிறவரை அதை எடுக்க யாராவது ஒருவர் வந்துகொண்டேதான் இருப்பார்கள். நண்பர் தொலைபேசியில் வேறு டாக்டர் பெயர் சொன்னார். தம்பி அப்பாவைத் தன் ஊருக்கு வந்து செய்துகொள்ளச் சொன்னான். என் பன்னிரண்டு படங்களும் எப்போதும் ஒருவர் கையில் இருக்கிற கத்திக்குக் கீழே இருந்தன. இதற்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. டாக்டரே வழி சொல்லியிருந்தார்: தின்றது திரும்பாது.

மருந்து புட்டியின் மூக்கை லேபில் மெழுகு செதுக்குகிற கத்தியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே இருந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து நிரப்பினேன். வாரம் ஒருமுறை மாற்றினேன். கண்ணில் கிருமி போய்விட்டால் வலியெடுக்கும். அவருக்கு வலி வரக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். கடையில் மாதாமாதம் புதுப் புட்டியும் வாங்கினேன், கடைக்காரருக்கு எதுவும் தோன்றக் கூடாது அல்லவா. காலை ஏழு, மாலை ஏழு. மூன்று வருஷம் இரண்டு மாதம். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஆரம்பத்தில் ஒருநாள் அப்பா சொன்னார், மருந்து இப்போதெல்லாம் எரிவதே இல்லை என்று. கண்ணுக்குப் பழகியிருக்கும்ப்பா என்றேன். அப்படியா என்றார். இன்னும் எவ்வளவு குறையவேண்டும் என்று மாதம் ஒருமுறை கேட்பார். கொஞ்சம்தான் என்பேன். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். அது புரை முற்றுவது என்றேன். பிறகு அந்தக் குழாயும் அடைத்துவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று வெயிலின் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறமும் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் விட்டேன். திடீரென்று நிறுத்தினால் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கையை எடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

போன மாதம் தம்பி வந்தான். இந்த ஊரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு எந்திரம் பொருத்தும் வேலை, இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னான். ஏழு வருஷம் கழித்து வருகிறான். பையை வைத்தான், செருப்பைக் கழற்றினான், கூடத்தைப் பார்த்தான்.

"அக்கா, அப்பாவோட படமெல்லாம் எங்க? இது யாரு வரைஞ்சது?" என்றான்.

திருக்கைக்கு வாய் எங்கே என்றே சரியாகச் சொல்லத் தெரியாதவன். வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பா உள்ளே படுத்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. நான் தேநீர் போடப் போனேன். அவன் என் பின்னாலேயே வந்து நின்றான். மறுநாள் நான் லேபுக்குப் போயிருந்தபோது அப்பாவை வேறொரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே ஒரு பெண் டாக்டர் சோதித்துவிட்டு, நரம்பு இரண்டும் செத்துப்போய்விட்டன, இவ்வளவு நாள் மருந்தே விடவில்லையா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். 'என் பொண்ணு ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்ல' என்று சொல்லியிருக்கிறார். அந்த வாயாலேயே, மருந்து முன்பு எரியும், இப்போது பச்சைத்தண்ணீர் மாதிரி இதமாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். டாக்டர் தம்பியைப் பார்த்திருக்கிறார். தம்பி வீட்டுக்கு வந்து புட்டியை எடுத்துப் போயிருக்கிறான். மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது.

ஆமாம். நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை, யாருக்கும் தெரியாது. தெரிந்தே செய்தேன், என்ன ஆகும் என்று தெரிந்தே மூன்று வருஷம் செய்தேன். மருந்து விட்டிருந்தால் அவருக்கு இன்று பார்வை இருந்திருக்கும். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்று மாலை நான் லேபிலிருந்து வந்தபோது தம்பி எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லி முடித்திருந்தான். கூடத்தில் விளக்குப் போட்டிருந்தது. சட்டம் ஒன்றைப் பிரித்து மேசைமேல் குப்புறப் போட்டு, தாளைச் சுரண்டிப் பார்த்திருந்தான். ஜெல்லிமீன் மூலையில் கிழிந்திருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார். கண்ணைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"பன்னெண்டுமா?" என்று கேட்டார்.

"பன்னெண்டும்தான்ப்பா."

வெகுநேரம் கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அழவில்லை. பிறகு தம்பி இருந்த பக்கம் திரும்பி, என் எதிரிலேயே, நான் அங்கே இல்லாத மாதிரி அவனிடம் கேட்டார்:

"எப்படி இருக்கு, அவ வரைஞ்சது?"

தம்பி சுவரைப் பார்த்தான். ஒவ்வொன்றாக, மிச்சமிருந்த பதினொன்றையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அதை விடுங்கப்பா இப்ப" என்றான்.

அவனைக் கேட்டிருக்கவே கூடாது. எந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும். இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருவருக்காவது ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்ததா. அந்த வீட்டில் படத்தைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான், மேடம். அப்பாவுக்குக் கண் மட்டும் இருந்திருந்தால், அவரே பார்த்துச் சொல்லியிருப்பார்.